சிறைக்குப் பதில் சிகிச்சை: நீதிமன்றத்தில் யாருக்கு, எப்படிப் பயிற்சி தருவது?

போதைப் பழக்கத்தால் வழக்கில் சிக்கியவரைச் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்கெனவே இடம் கொடுக்கின்றன. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவு ஓர் உதாரணம். போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்காகவோ குற்றவாளி என்று முடிவான ஒருவர் போதைக்கு அடிமையானவர் என்றால், அவர் சம்மதத்தோடு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெறும்படி நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். சிகிச்சையின் பலன் பற்றிய அறிக்கை ஓராண்டுக்குள் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். சரி, அந்த அறிக்கையில் 'நடுவில் இரண்டு முறை மீண்டும் பயன்படுத்தினார்' என்று எழுதியிருந்தால் நீதிபதி அதை எப்படிப் படிப்பார்? சிகிச்சை தோற்றது என்றா, சிகிச்சை இப்படித்தான் ஏறி இறங்கிப் போகும் என்றா? சட்டப் பிரிவு அதைச் சொல்வதில்லை. அந்த நாற்காலியில் இருப்பவருக்கு யாராவது கற்றுக்கொடுத்திருந்தால்தான் உண்டு.

இந்தக் கட்டுரை அந்தப் பயிற்சியை ஏற்பாடு செய்யும் பொறுப்பில் இருப்பவர்களுக்கானது. நீதித்துறைப் பயிற்சி நிலையமாக இருக்கலாம், மாவட்ட நீதிமன்றமாக இருக்கலாம், வழக்கறிஞர் சங்கமாகவோ மறுவாழ்வு மையமாகவோ இருக்கலாம். கையில் இருக்கும் பணமும் நேரமும் எப்போதும் குறைவு. நடைமுறையில் முன்னால் வரும் வழிகள் ஐந்து: நீதிபதிகளுக்கு ஒருநாள் கருத்தரங்கு, இணையவழிப் பாடம், நன்றாக நடக்கும் வேறொரு சிகிச்சை நீதிமன்றத்தை (போதைப் பழக்கம் உள்ளவர்களைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பி, அதைத் தொடர்ந்து கண்காணிக்கும் நீதிமன்றத்தை)ப் போய்ப் பார்ப்பது, ஒரு நீதிமன்றத்தின் எல்லாத் தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்துத் தொடர்ச்சியாகப் பயிற்றுவிப்பது, இவை எதுவும் இல்லாமல் சிகிச்சை தெரிந்த ஒருவரை நீதிமன்றத்திலேயே அமர்த்திவிடுவது. என் தேர்வு நான்காவது. மற்றவை வீண் என்று சொல்லவில்லை. அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு முன், பயிற்சி எதை மாற்ற வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். 'விழிப்புணர்வு' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் எல்லா வழியும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு வழக்கின் போக்கில் சில கட்டங்களில்தான் மனிதரின் கதி முடிவாகிறது. கைதாகி முதல்முறை நிறுத்தப்படும்போது அவர் உடல் நடுங்கி, வியர்த்து, வாந்தியெடுத்தபடி நிற்பதை யாராவது மருத்துவப் பிரச்சினை என்று அடையாளம் காண்கிறார்களா? ஜாமீன் கேட்கும்போது சிகிச்சை என்ற வழியை வழக்கறிஞர் எடுத்து வைக்கிறாரா? சிகிச்சை உத்தரவில் எந்த மருந்து, எத்தனை நாள் என்று எழுதுவது மருத்துவரா, நீதிபதியா? அப்புறம், எல்லாவற்றிலும் கடினமானது: சிறுநீர்ப் பரிசோதனையில் மீண்டும் போதை தெரியவரும் வாய்தா.

அந்த வாய்தாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். போதைச் சிகிச்சையில் இருப்பவர்களில் மீண்டும் பயன்படுத்துவோர் 40 முதல் 60 சதவீதம் என்பது மருத்துவ உலகம் நெடுநாளாகச் சொல்லிவரும் மதிப்பீடு. இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களிலும் நோய் திரும்பத் தலைதூக்குவது ஏறக்குறைய இதே அளவில்தான். ஆனால் நீதிமன்றத்தின் காதில் அது 'உத்தரவை மீறிவிட்டார்' என்று விழுகிறது. 'கொஞ்ச நாள் உள்ளே இருந்தால் புத்தி வரும்' என்று நல்லெண்ணத்தோடுதான் பலரும் சொல்கிறார்கள். ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கம் உள்ளவருக்கு அந்த நல்லெண்ணம் உயிருக்கே ஆபத்தாகலாம். உள்ளே இருக்கும் நாட்களில் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழக்கிறது. வெளியே வந்து அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதைப்பொருள் மிகையால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டது. சிகிச்சை நீதிமன்றங்களுக்கான அமெரிக்கத் தர நெறிகள் குறுகிய சிறைவாசத்தைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளி, அதற்கும் சில நாட்கள் என்று எல்லை வைத்திருப்பதன் பின்னணியில் இப்படிப்பட்ட அனுபவம் இருக்கிறது.

மருந்து விஷயத்திலும் இதே கதை. மெத்தடோன், ப்யூப்ரெனோர்ஃபின் இரண்டும் ஓபியாய்டு அடிமைநோய்க்கு நன்கு நிரூபணமான மருந்துகள். ஆனால் 'ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?' என்ற கேள்வி நீதிமன்றங்களில் இன்றும் கேட்கிறது. அமெரிக்காவின் சிகிச்சை நீதிமன்றங்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், 98 சதவீத நீதிமன்றங்கள் தங்களிடம் ஓபியாய்டு பழக்கம் உள்ளவர்கள் இருப்பதாகச் சொன்னன. இந்த இரண்டு மருந்து வகைக்கு வழி வைத்திருந்தவை 47 சதவீதம்தான். சிகிச்சைக்கென்றே அமைந்த நீதிமன்றங்களின் நிலையே இது. பென்சில்வேனியா மாநில நீதிமன்ற அமைப்புக்கு எதிராக அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் 2022இல் வழக்கே தொடுத்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை எடுக்கவிடாமல் சில நீதிமன்றங்கள் தடுத்தன என்பது குற்றச்சாட்டு. 2024இல் சமரசம் ஆனபோது இழப்பீட்டோடு பயிற்சியும் ஒரு நிபந்தனையாக வந்தது. நோயாளிகள் பாதிக்கப்பட்ட பிறகு, வழக்கின் முடிவில் வந்த பயிற்சி அது. முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு வழியாக வருவோம்.

ஒருநாள் கருத்தரங்குதான் எங்கும் முதலில் தேர்வாகிறது. காரணம் எளிது. செலவு குறைவு, ஏற்பாடு சுலபம், ஒரே நாளில் நூறு நீதிபதிகளை எட்டிவிடலாம். மூத்த நீதிபதி ஒருவர் மேடையில் நின்று 'இது நோய், இதற்கு மருத்துவம் இருக்கிறது' என்று சொல்வதற்கு ஒரு பலம் உண்டு. தயங்கிக்கொண்டிருப்பவருக்கு அது துணிவு தரும். தகவல் சேர்ப்பது வரைக்கும் இந்த வழி போதும்.

வாய்தாவில் பேசும் விதம் மாறுவதற்கு இது போதாது. ஊக்கமூட்டும் உரையாடல் என்பது, மாறுவதற்கான காரணத்தை எதிரில் இருப்பவரே சொல்லும்படி பேசும் முறை. அதை நன்னடத்தை அலுவலர்கள் (சிறைக்கு வெளியே நீதிமன்றக் கண்காணிப்பில் இருப்பவர்களைக் கவனிப்பவர்கள்) உள்ளிட்டோருக்கு ஒரே பயிலரங்கில் கற்பித்துவிட்டு என்ன ஆகிறது என்று வில்லியம் மில்லரும் மவுண்ட் என்பவரும் ஆராய்ந்தார்கள். முடிவு 2001இல் வெளியானது. தங்கள் திறமை நன்றாகக் கூடிவிட்டது என்று பயிற்சி பெற்றவர்கள் நம்பினார்கள். பதிவு செய்த உரையாடல்களைக் கேட்டபோது மாற்றம் கொஞ்சம்தான். எதிரில் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சில் மாற்றமே தெரியவில்லை. இதில் எனக்குக் கவலை தருவது அந்த நம்பிக்கைதான். கற்றுக்கொண்டாகிவிட்டது என்று நினைப்பவர் மறுபடி கற்க வரமாட்டார். கருத்தரங்கு முடிந்ததும் நிரப்பும் கருத்துப் படிவங்களில் எல்லோரும் 'மிகப் பயனுள்ளது' என்று குறியிடுவதை வைத்து அடுத்த ஆண்டும் அதையே நடத்துவது எத்தனை இடங்களில் வழக்கமாகிவிட்டது!

இணையவழிப் பாடத்துக்கு ஒரே ஒரு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் அதை விட்டால் வேறு வழி இல்லை: புதிதாக வருபவர். நீதிபதிகள் இடமாறுகிறார்கள், அரசு வழக்கறிஞர்கள் மாறுகிறார்கள், நன்னடத்தை அலுவலர் பதவி உயர்ந்து போகிறார். பயிற்சி பெற்ற நீதிபதி போனதும் ஒரு நல்ல சிகிச்சை நீதிமன்றம் பழைய வழிக்கே திரும்பிவிடலாம். புதியவர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே சில மணி நேரப் பாடத்தை முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தச் சரிவைத் தடுக்கலாம். அடிப்படை மருந்தியல், போதையை நிறுத்தும்போது உடலில் வரும் விலகல் அறிகுறிகள், எந்த உத்தரவு ஆபத்து என்பதெல்லாம் திரையில் கற்கக் கூடியவைதான். தனியே உட்கார்ந்து படிப்பவருக்கு எதிர்த்தரப்பில் யார் என்ன சொல்வார் என்பது மட்டும் தெரியாமலே போகும்.

வேறொரு நீதிமன்றத்தைப் போய்ப் பார்ப்பது எனக்குப் பிடித்த வழி. ஆனாலும் முதலில் செய்ய வேண்டியது அதுவல்ல. உலகின் முதல் சிகிச்சை நீதிமன்றம் 1989இல் மயாமியில் தொடங்கியது. அதன் பிறகு பல இடங்களில் நன்றாக நடக்கும் நீதிமன்றங்கள் மற்றவர்களுக்கு வழிகாட்டும் நீதிமன்றங்களாக ஆனன. அங்கே போய் உட்கார்ந்தால் புத்தகம் சொல்லாதது கண்ணில் படும். ஒவ்வொருவரிடமும் நீதிபதி குறைந்தது மூன்று நிமிடமாவது நேரடியாகப் பேசும் நீதிமன்றங்களில் மறுகுற்றம் தெளிவாகக் குறைகிறது என்று ஷானன் கேரியும் அவரது குழுவும் 2012இல் எழுதினார்கள். மூன்று நிமிடம் என்று படித்தால் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு நீதிபதி குனிந்து கோப்பைப் பார்க்காமல் எதிரில் நிற்பவரைப் பார்த்து 'இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது?' என்று கேட்பதை நேரில் பார்த்தால்தான் அந்த மூன்று நிமிடத்தின் எடை புரியும். ஆனால் சொந்த நீதிமன்றத்தில் எது தடுக்கிறது என்று தெரியாமல் போனால், அங்கிருக்கும் வசதிகளைப் பார்த்து ஏங்கிவிட்டுத் திரும்பி வருவதுதான் நடக்கும். சொந்தக் குழு சில மாதம் வேலை செய்து, எங்கே முட்டுகிறது என்று தெரிந்த பிறகு போனால் கேட்க வேண்டிய கேள்விகள் கையில் இருக்கும்.

நான்காவது வழி சிரமமானது, செலவும் அதிகம். ஒரே நீதிமன்றத்தின் நீதிபதி, அரசு வழக்கறிஞர், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், நன்னடத்தை அலுவலர், அருகிலுள்ள சிகிச்சை மையத்தின் மருத்துவரும் ஆலோசகரும், எல்லோரும் ஒரே அறையில் இரண்டு மூன்று நாள். அந்த நாட்களில் வழக்குகள் தள்ளிப்போகும், அதற்கு மேலிடத்தில் ஒப்புதல் வேண்டும். அதன் பிறகு மாதம் ஒருமுறை கூடி, உண்மையான வழக்குகளை எடுத்து, என்ன முடிவெடுத்தோம், ஏன் என்று பேச வேண்டும். இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பார்கள். என்னிடம் இரண்டு சான்றுகள் இருக்கின்றன.

முதலாவது கனடாவிலிருந்து. ஜேம்ஸ் பொன்டா தலைமையில் நன்னடத்தை அலுவலர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் 3 நாள் பயிற்சி, அப்புறம் மாதக் கூட்டங்கள், ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் திருத்தம் சொல்வது என்று தொடர்ந்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்ற அலுவலர்களின் பொறுப்பில் இருந்தவர்களில் இரண்டு ஆண்டுகளில் மீண்டும் தண்டனை பெற்றவர்கள் ஏறக்குறைய 25 சதவீதம். மற்றப் பிரிவில் அது 40 சதவீதம். அதே வேலை, அதே சட்டம், அதே மாதிரியான மனிதர்கள். பேசும் விதமும் அதைத் தொடர்ந்து கவனிக்க ஆள் இருந்ததும்தான் வேறு.

இரண்டாவது சான்று நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் 20 இடங்களில் நன்னடத்தை அலுவலகங்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் மருந்துச் சிகிச்சை பற்றி 3 மணி நேரப் பயிற்சி. அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும் கூடுதலாக, உள்ளூர்ச் சிகிச்சை மையத்தோடு சேர்ந்து குழு அமைத்து, ஓராண்டு வரை இடையில் இருக்கும் தடைகளைப் பேசித் தீர்க்கும் ஏற்பாடு. மருந்துச் சிகிச்சையை நம்புவதிலும், ஆட்களை அதற்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்திலும் இந்தக் கூடுதல் ஏற்பாடு இருந்த இடங்களே முன்னே சென்றன. மெத்தடோன் என்றால் என்ன என்று அலுவலருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. யாருக்குப் போன் செய்வது, அந்த மையம் எந்த நாளில் புதியவர்களைச் சேர்க்கும், என்ன காகிதம் கேட்கும் என்பதும் தெரிய வேண்டும். அறையின் மறுபக்கத்தில் அந்த மையத்தின் ஆள் உட்கார்ந்திருந்தால் அது முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

கூட்டுப் பயிற்சியில் ஒரு அபாயமும் உண்டு. எல்லோரும் ஒரே குழு என்ற உணர்வு வளரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் கட்சிக்காரரின் வழக்கறிஞர் என்பதை மறந்துவிடக்கூடாது. 'எல்லாம் அவர் நன்மைக்குத்தானே' என்று சொல்லி, ஆலோசகரிடம் அந்தக் கட்சிக்காரர் அந்தரங்கமாகச் சொன்னது நீதிபதி மேசைக்கு வந்துவிட்டால், அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். சிகிச்சை அதோடு முடிந்தது. அதனால் மையத்திலிருந்து நீதிமன்றத்துக்கு எது போகலாம், எது போகக்கூடாது என்பதை இரண்டாம் நாள் மாலைக்குள் எழுத்தில் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வருகைப் பதிவு போகலாம். பரிசோதனை முடிவு எந்த நிபந்தனையில் போகும் என்று எழுத வேண்டும். ஆலோசனை அறையில் பேசியது போகக்கூடாது.

ஐந்தாவது வழியாகிய சிகிச்சை ஒருங்கிணைப்பாளரை நியமிப்பது, வழக்குகள் குறைவாக இருக்கும் சிறிய நீதிமன்றத்துக்குப் பொருந்தும். அங்கே குழுவுக்கே ஆள் கிடைக்காது. பெரிய நீதிமன்றத்தில் இதை மட்டும் செய்தால் 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். அவர் வேலையை விட்டுப் போன நாளில் எல்லாமே நின்றுவிடும். போர்ச்சுகல் 2001இல் இன்னும் தூரம் போனது. சொந்தப் பயன்பாட்டுக்கு 10 நாள் அளவு வரை வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்கே அனுப்பாமல், சட்டம், உடல்நலம், சமூகப்பணி தெரிந்தவர்கள் கொண்ட மூன்று பேர் குழுவிடம் அனுப்பும் ஏற்பாட்டை அப்போது கொண்டுவந்தது. நீதிபதிக்குச் சிகிச்சை கற்பிப்பதற்குப் பதில் முடிவெடுப்பவரையே மாற்றிவிட்டார்கள். நல்ல வழி. ஆனால் அது சட்டமன்றம் எடுக்க வேண்டிய முடிவு. பயிற்சிக்குப் பொறுப்பானவர் கையில் இல்லை.

அறையில் இடம் குறைவு என்றால் யாரை முதலில் அழைப்பது? பத்து நீதிமன்றங்களிலிருந்து பத்து நீதிபதிகளை அழைப்பதைவிட, இரண்டு நீதிமன்றங்களின் முழுக் குழுக்களை அழைப்பேன். அதிகமான பேரை எட்டினோம் என்று அறிக்கை எழுத முடியாது. பரவாயில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞரை விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் குறை. சிகிச்சை வேண்டும் என்று கேட்க வேண்டியவர் அவர்தான். அவர் கேட்காவிட்டால் எவ்வளவு நன்றாகப் பயின்ற நீதிபதிக்கும் வாய்ப்பே வராது. நன்னடத்தை அலுவலர் அந்த மனிதரை மாதத்தில் நீதிபதியைவிட அதிகமுறை சந்திக்கிறார். அரசு வழக்கறிஞருக்குச் சொல்லித்தர வேண்டியது வேறு: எல்லோரையும் இதில் சேர்க்கக்கூடாது. குற்றத்துக்குத் திரும்பும் அபாயமும் சிகிச்சைத் தேவையும் அதிகமாக உள்ளவர்களுக்காகவே இந்தக் கடுமையான ஏற்பாடு. லேசான பழக்கம் உள்ளவரை இதில் இழுத்துவிட்டால் வாரம் ஒரு வாய்தாவும் பரிசோதனையுமாக அவர் வேலையையும் இழந்து, புதிய சிக்கலில் மாட்டிக்கொள்வார்.

பயிற்றுநர்களாக ஒரு மருத்துவரும், பணியில் இருக்கும் ஒரு நீதிபதியும், இந்த வழியில் சென்று மீண்ட ஒருவரும் சேர்ந்திருக்க வேண்டும். மீண்டவரைக் கடைசி அரைமணி நேரத்தில் மேடையேற்றிக் கைதட்டி அனுப்பாதீர்கள். மாதிரி விசாரணையில் அவரைக் குற்றம் சாட்டப்பட்டவர் இடத்தில் நிறுத்தி, 'இப்போது நீங்கள் சொன்னது எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா?' என்று அவரைச் சொல்ல விடுங்கள்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? 154 மதிப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த அலசல், வயதுவந்தோருக்கான சிகிச்சை நீதிமன்றங்கள் மறுகுற்றத்தை 50 சதவீதத்திலிருந்து சுமார் 38 ஆகக் குறைக்கின்றன என்றது. அது சராசரி. உங்கள் நீதிமன்றம் அதற்கு மேலே இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். கருத்துப் படிவங்களை விட்டுவிட்டுக் கோப்புகளை எண்ணுங்கள். முதல் விசாரணைக்கும் முதல் சிகிச்சை நாளுக்கும் இடையே எத்தனை நாள் ஆகிறது? பரிசோதனையில் போதை தெரிந்ததற்காக மட்டும் எத்தனை பேர் சிறை சென்றார்கள்? வழக்குத் தொடங்கியபோது மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குப் பிறகும் எடுக்கிறார்கள்? பயிற்சிக்கு முந்தைய ஆறு மாதக் கணக்கை இப்போதே எடுத்து வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

ஒரு நிலையில் மட்டும் மேலே சொன்ன எந்த வழியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அருகில் சிகிச்சை மையமே இல்லை, அல்லது இருக்கும் மையத்தில் சேர மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றால், பயிற்சிக்கான பணத்தை அந்த மையத்துக்கு ஒரு மருத்துவரையோ கூடுதல் இடங்களையோ பெறுவதற்குக் கொடுங்கள். சிறைக்குள் தொடங்கும் சிகிச்சைக்கும் அந்தப் பணம் போகலாம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016இல் தன் சிறைகளில் ஓபியாய்டு பழக்கத்துக்கான மூன்று வகை மருந்தையும் (மெத்தடோன், ப்யூப்ரெனோர்ஃபின், நால்ட்ரெக்ஸோன்) கிடைக்கச் செய்தது. சிறையிலிருந்து வெளியே வந்தபின் போதை மிகையால் இறந்தவர்களின் எண்ணிக்கை அதற்கு அடுத்த ஆண்டு சுமார் 60 சதவீதம் குறைந்தது. மையம் திறந்து, ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு நீதிமன்றக் குழுவைப் பயிற்சிக்கு அழைக்கலாம்.